காரணம்: ஊர் பார்க்க

தேயிலைத் தோட்டத்து ஆள் விடுப்புக் கேட்டு எழுதும் மனுவுக்கு ஏழு நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. சாவு, கல்யாணம், நோய் என்றால் தோட்டத்துத் துரையே விடுப்புச் சீட்டுக் கொடுத்துவிடலாம். வேறு காரணமென்றால் மனு பதுளைக்கு, நான் எழுத்தராக இருந்த தலைமை அலுவலகத்துக்கு வரும்.

ஒரு ஜூலை மாதம், கொழும்பிலிருந்து பண்டாரவளைக்கு ஏறிய ரயிலில் என் எதிரே கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"கொழும்புல எனக்கு ஒருத்தரையும் தெரியாதுக்கா. அதுக்காகத்தான் போனேன்."

"மூணு புள்ளையையும் விட்டுட்டா?"

"நாத்தனாகிட்ட விட்டுட்டுத்தான். நாலு நாளு கடலப் பாத்தேன், டிராம் வண்டியில ஏறுனேன். ஒருத்தரும் என்னயக் கூப்புடல."

"சீட்டுக் கெடைச்சுச்சா?"

"எங்க? ஊரு பாக்கப் போறேன்னு எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு, பதிலே இல்ல. கெளம்பிட்டேன்."

"அடி கிறுக்கி! ஒரு சித்தப்பனச் சாகடிச்சிருந்தா தொர அன்னைக்கே குடுத்திருப்பாரே. இப்பப் பேர வெட்டிட்டா லயத்து வீட்டுல இருக்க விடுவாங்களா?"

"சாவு சொல்ல என் ரத்தத்துல மிச்சமிருக்கறது புள்ளைங்கதான். அதுங்க பேரையா சொல்லுவேன்?"

'ஊர் பார்க்க' என்று காரணம் காட்டிய மனு எங்கள் அலுவலகத்தில், பதில் போகாமல், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணும்போது, அவள் பெயரை வெட்டினார்கள். அந்த வாரமே லயத்து அறையும் போயிற்று. அவள் மனுவுக்கு 'அனுமதிக்கலாம்' என்ற பதில் அக்டோபர் ஒன்பதாம் தேதி எங்கள் அலுவலகத்திலிருந்து புறப்பட்டது.