ஃபர் கொலர் வைத்த கோட்

வெல்வெட்டைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் தடவினால் கறுப்பு, மறுபக்கம் தடவினால் கருநீலம். யன்னலடிக்குக் கொண்டுபோனால்தான் உண்மையான நிறம் தெரியும். என் கணவர் பிரதாபன் எதிரே இருந்து அழுதுகொண்டிருந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவே, சாப்பாட்டு மேசையில், அந்தக் கோட் கிடந்தது.

யாரும் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கோட் மாமியுடையது. மாமி என்றால் பிரதாபனுடைய அப்பாவின் அக்கா, சிவமலர். அறுபதுகளின் கடைசியில் தாதியாக லண்டனுக்கு வந்தவர். முதல் மாரிகாலத்துச் சம்பளத்தில் வாங்கினாராம். கணுக்கால் வரை வெல்வெட், கழுத்தில் மண்ணிற ஃபர். சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நாடகம் பார்க்கப் போவார். பிறகு ஊரில் சண்டை நடந்த காலத்தில் பிரதாபனையும் தங்கை லக்‌ஷிகாவையும் லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்துப் படிப்பித்தார். கல்யாணம் செய்யவில்லை.

மறதி வந்தபின் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறை அவருடையதாயிற்று. ஒவ்வொரு பின்னேரமும் நாலு மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். “நாடகத்துக்கு நேரமாகுது பிள்ளை, கதவைத் திற.” நான் கோட்டைக் கழற்றுவேன். அரை மணித்தியாலத்தில் மறுபடி போட்டுக்கொண்டு வருவார். ஆறு வருடம். பிரதாபன் கதவின் மேல்பக்கத்தில், மாமிக்கு எட்டாத உயரத்தில், ஒரு கொண்டி பூட்டினார். தன் பங்கை அத்தோடு முடித்துக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு ஷிப்ட் வேலை.

முதியோர் ஹோம் பற்றி ஒருமுறை கேட்டேன். “எங்களைக் கூப்பிட்டு எடுத்தவ. அவவை ஹோமில விட்டால் சனம் என்ன கதைக்கும்?” என்றாள் லக்‌ஷிகா. அவள் லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். மாதத்தில் ஒருநாள் டப்பாவில் இறைச்சிக்கறி கொண்டுவந்து, மாமியின் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போவாள்.

மூன்று வருடம் இதே மேசையில் இருந்து மருந்துக்கடை வேலைக்குப் படித்தேன். நவம்பரில் பார்க்கிங் என்ற பக்கத்து ஊர் மருந்துக்கடையிலிருந்து கடிதம் வந்தது. பெப்ரவரி முதல் திங்கள் தொடங்கவேண்டும். என் ஐம்பத்தொரு வயதில் என் பெயருக்கு வந்த முதல் வேலைக் கடிதம். பிரதாபன் வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

“ஏலாது எண்டு எழுதி விடுமன். மாமி உயிரோட இருக்குமட்டும் பொறுத்துக்கொள்ளும்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தவணை வைத்தவர் அவர்தான், நான் அல்ல.

கோட் இல்லாவிட்டால் மாமி வாசலுக்கு வரமாட்டார் என்று நான் சொன்னபோது எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. “பாத்தீங்களே அண்ணை, மச்சாளின்ர மூளையை,” என்றாள் லக்‌ஷிகா. நான் கோட்டைப் படம் எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். உள்பக்கப் பட்டுத் துணியில் சிறு கிழிசல், கொலரில் ஓரிடத்தில் பூச்சி அரித்திருக்கிறது என்றும் எழுதினேன். நான் பொய் சொல்கிற ஆள் அல்ல.

வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று வந்து எங்கள் வாசல் கண்ணாடியில் போட்டுப் பார்த்தது. மாமி தன் அறைக் கதவடியில் நின்று, “உமக்கு நல்ல வடிவாயிருக்கு,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாமிக்கு அது தன்னுடையது என்று தெரியவில்லை. அன்று எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அடுத்தநாள் நாலு மணிக்கு மாமி கோட்டைத் தேடினார். அலுமாரி, கட்டிலின் கீழ், கடைசியில் வாசல். இரவு உடுப்போடு, வெறுங்காலோடு, கைபிடியை இழுத்துக்கொண்டு நின்றார். ஆகவே கோட் இல்லாமலும் வெளியே போவார் என்பது எனக்கு அன்றே தெரியும். மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் அப்படித்தான். பிரதாபன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையிலிருந்தே உறைபனி. மத்தியானம் கதவின் மேல் கொண்டியைத் திறந்து வைத்தேன். மைக்ரோவேவ் மணிக்கூட்டின் மேல் ஒரு துவாயைப் போட்டேன்.

“என்ர கோட் எங்க பிள்ளை?”

“அது வெளியில போயிட்டுது மாமி.”

“அப்ப நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“ஓம்,” என்றேன்.

கதவை அவர்தான் திறந்தார். சாத்தாமல் போய்விட்டார். குளிர் குசினி வரை வந்தது. நான் போய்ச் சாத்தி, மேல் கொண்டியையும் போட்டேன். பழக்கம். பிறகு அரிசி களைந்தேன். சிறிது நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பலமாக இல்லை, விருந்துக்கு வந்தவர் தட்டுவதுபோல. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். மூடியபோது சத்தம் இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்த பிரதாபன்தான் மாமியைக் கண்டார். இரண்டு வீடு தள்ளி, ஒரு மதிலில் சாய்ந்தபடி விறைத்துப்போய் இருந்தாராம். எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பொலிஸ் கேட்டபோது எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது; மணிக்கூட்டின் மேல் துவாய் கிடந்தது. மறதி வந்தவர்கள் எப்படியும் நழுவிவிடுவார்கள் என்று அந்தப் பொலிஸ் பெண் என் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

செய்தி கேள்விப்பட்டு, வாங்கிய பிள்ளை கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டது. நாளைக்கு இறுதிச்சடங்கு. அதற்கு முன் வீட்டுப் பெண்கள் போய் மாமிக்குச் சேலை உடுத்திவிட வேண்டும். வீட்டுப் பெண் நான்தான்.

பிரதாபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை என் பக்கம் தள்ளினார்.

“சேலைக்கு மேல இதையும் போட்டுவிடும், குமுதினி. கடைசியா ஆசைப்பட்டுத் தேடினது இதைத்தானே.”

கொலரை ஒருமுறை தடவினேன். பூச்சி அரித்த இடம் அப்படியே இருந்தது. கைகள் உள்ளே போகும்படி கோட்டை மடித்தேன்.

“வேண்டாம்,” என்றேன். “அவவுக்கு இனிக் குளிராதுதானே.”