ரெண்டு வருஷத்துக்கு முந்தின படம்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில், கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை தொங்க இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் ஃபோனைக் காட்டினாள்.

"இன்னாக்கா இது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த படத்துக்கு இப்பப் போய் தேசிய விருதாம்!"

"எப்பவும் அப்படித்தாண்டி. பழைய படத்துக்குத்தான் டெல்லில ஜனாதிபதி குடுப்பாரு."

"நாம அடுத்த வருஷத்து ஷூவ இப்பவே தைக்கறோம். அவங்க இன்னாக்கா இவ்ளோ லேட்டு?"

"உன் வூட்டுக்காரரு கேமரா அசிஸ்டெண்டா இருந்த படம்தானே? சந்தோஷப்படேன்."

"எப்படிக்கா? படம் ஓடலன்னு அழுது சண்ட போட்டு, அவர நம்ம கம்பெனி தோல் கட்டிங்ல சேத்துவுட்டதே நான்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"கேட்லயே ஃபோன வாங்கி வச்சிப்பாங்களே. நம்ம ஷிஃப்ட் முன்னாடியே முடிஞ்சிடுச்சி, கட்டிங்குக்கு ஆறு மணிக்குத்தான் குடுப்பாங்க."

மூத்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தரை.