தொட்டிலுக்கு மேல் கட்ட ஒரு விரிப்பு

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். காரைக்குடியிலிருந்து நெற்குப்பைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் விரிப்பை மடியில் குழியாக்கி, "அக்கா, இதுல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றாள்.

"பஸ்ஸுக்குள்ளயா? எதுக்குடி?"

"ஒழுகுதான்னு பாக்கணும். நடவுக்குப் போறப்ப மரத்துல புள்ளைக்குத் தொட்டி கட்டுறேன்ல, அதுக்கு மேல கட்டத்தான்."

"ஒன் ஓரகத்திகிட்டதான் பெரிய தார்ப்பாய் இருக்கே. அதுக்கடியில ரெண்டு தொட்டி கட்டலாமே?"

"அவ அண்ணன் சிங்கப்பூர்லருந்து அனுப்புனது. அதுக்கடியில எம்புள்ள கெடக்கணுமாக்கும்?"

மூத்தவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைச் சாய்த்தாள். இளையவள் விரிப்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு சொட்டுக்கூட எறங்கல. பெறகும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் மூத்தவள்.

"நேத்து மழையில, மேல கட்டியிருந்த சாக்கு நனைஞ்சு புள்ள கத்துனான். நான் ஓடி வாரதுக்குள்ள அவ தூக்கிட்டுப் போயி, தன் மகள இடுப்புல வச்சுக்கிட்டு, எம்மகன அவ தொட்டியில போட்டுட்டா."

"நல்லதுதானே செஞ்சிருக்கா."

"நீங்களும் அதத்தான் சொல்லுவீக. நான் தூக்கப் போனா, வரமாட்டேன்னு அவ சேலையப் பிடிச்சுக்கிட்டான்க்கா."

இளையவள் தண்ணீரைச் சன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு, விரிப்பை ஈரத்தோடு மடித்தாள்.

"நாளைக்கு அங்குட்டு, கண்மாய்க்கரை மரத்துல கட்டப்போறேன். அவன் அழுதா அவளுக்குக் கேக்காது."