எலுமிச்சைப் புட்டி

— கண்ணைத் திறக்காதீங்க. நேத்து ஓரக்கண்ணால பாத்துட்டு ரோஜான்னு சொன்னீங்களே, அந்தத் திருட்டுத்தனம் இன்னிக்கு நடக்காது.

— பொண்டாட்டியை ஓரக்கண்ணால பாக்கறது ஒரு தப்பா, டீச்சரம்மா?

— நீங்க பாத்தது புட்டியை. நேரா உக்காருங்க, சோப்புக்காரரே. இந்தாங்க, முதல் புட்டி.

— யூகலிப்டஸ்!

— எப்படித் தெரிஞ்சுது?

— சுள்ளுன்னு ஏறுதே. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— அதுக்கு மார்க் கிடையாது. எரிச்சல் வேற நரம்பு, வாசனை வேற நரம்பு. வாசனையே தெரியாதவங்களுக்கும் அந்தச் சுள்ளு தெரியும்.

— வீட்டுக்கு வந்தும் வகுப்பு எடுக்கறியே. அந்தப் பசங்க எப்படித்தான் தாங்குதோ, பாவம்.

— அதுங்க உங்களை விட சமத்து. நாளைக்கு ஃபாக்டரில மேனேஜர் முன்னாடி மோந்து சொல்லணும், தப்பா சொன்னா பேக்கிங்ல தள்ளிடுவாருன்னு காலையிலேர்ந்து புலம்பறது யாரு?

— நான்தான். நான் மோந்து சரின்னு சொன்னாதான் ஒரு வண்டி சோப்பு வெளிய போகும். இப்போ சோப்பையும் செங்கலையும் கையில குடுத்தா, எனக்கு ரெண்டும் ஒண்ணு.

— சொல்றதைக் கேளுங்க. மூக்குக்குள்ள மேலாக்க, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, தபால்தலை அளவு ஒரு இடம். வாசனை பிடிக்கற செல்லெல்லாம் அங்கதான். அதுக்கு மேல சல்லடை மாதிரி ஒரு எலும்பு. அந்த ஓட்டை வழியா நரம்பு நூல் நூலா மூளைக்குப் போகுது.

— அந்த நூலைத்தானே காய்ச்சல் அறுத்துடுச்சு?

— அறுக்கல. கீழ இருக்கற இடத்தைக் காயப்படுத்திருக்கு. அது திரும்ப முளைக்கும். தினம் மோந்து பழக்கணும், அவ்வளவுதான். அடுத்த புட்டி. முயல் மாதிரி குட்டி குட்டியா இழுங்க, காத்து மேல வரைக்கும் போகட்டும்.

— நீ முதல்ல மோந்துட்டு 'ஆகா' சொல்லு. அதைக் கேட்டாதான் எனக்குத் தெம்பு.

— சரியான குழந்தை. ம்ம்... ஆகா! இப்பத்தான் நறுக்கின மாதிரி இருக்கு. இதுக்கு மேல குறிப்பு கேக்காதீங்க.

— இரு... இரு இரு.

— என்னங்க?

— பேசாத. ஏதோ வருது. பல்லு வலிக்குப் பஞ்சுல தொட்டு வெப்பாங்களே... சின்னப் பையனா அம்மா மடியில படுத்திருக்கேன்... கிராம்பு! டீச்சர், இது கிராம்பு!

— எலுமிச்சைங்க.

— இல்லவே இல்ல!

— நேத்து நானே கழுவி, நானே ஊத்தி வெச்சேன். ஆசையில அப்படித் தோணிருக்கும். விடுங்க.

— அம்மா விரல் வரைக்கும் வந்துச்சே. அதுவும் பொய்யா?

— அழாதீங்க, எனக்குத் தாங்காது. மேனேஜர்கிட்ட நான் வந்து பேசறேன். இன்னும் கொஞ்ச நாள் கேப்போம்.

— அந்தப் புட்டியைக் குடு. ஒரு சொட்டு நாக்குல வெக்கறேன்.

— ஐயோ, வேண்டாம்!

— ம்... மரத்துப்போச்சு. எலுமிச்சை நாக்கை மரக்க வெக்குமா, டீச்சரம்மா? இது உன்னோட அந்த வேற நரம்பு, பொய் சொல்லாது.

— குடுங்க இப்படி... ஆமாங்க, மரக்குது! கழுவும்போது தண்ணி பட்டு எண்ணெய் பாட்டில் லேபிளும் போச்சு, ரெண்டு எண்ணெயும் ஒரே மஞ்சள், மாத்தி ஊத்திட்டேன்! அப்போ நீங்க சொன்னது சரி! உங்க மூக்கு வந்துடுச்சுங்க! வந்துடுச்சு!

— வந்துடுச்சு.

— அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க? சிரிங்க!

— நேத்து ஊத்தும்போது உன் கையெல்லாம் கிராம்பு மணந்திருக்குமே.

— ஏதோ அவசரத்துல...

— இப்பவும் மோந்துட்டு, 'நறுக்கின மாதிரி'ன்னு சொன்ன. என்னைப் பாரு. ஏன் தலையைக் குனியற?

— உங்களுக்கு வந்த காய்ச்சல்தானே எனக்கும் வந்துச்சு.

— அப்போலேர்ந்தா? ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி!

— எனக்குக் கரும்பலகை போதும், பொழப்பு ஓடிடும். உங்களுக்கு மூக்குதானே எல்லாம். ரெண்டு பேரும் வாசனை போச்சேன்னு உக்காந்துட்டா, யாரு யாருக்கு 'ஆகா' சொல்றது?

— சமையல் பண்ணியே?

— உப்பும் புளிப்பும் நாக்கு சொல்லிடும். மீதியெல்லாம் குருட்டு யோகம்.

— நான் சப்புன்னு இருக்குன்னு தட்டைத் தள்ளுவேன், நீ 'பிரமாதம்'னு ரெண்டாந்தடவை போட்டுச் சாப்பிடுவியே.

— அதைப் பாத்தாவது நீங்க நாலு வாய் சாப்பிடுவீங்கன்னுதான்.

— எழுந்து என் இடத்துக்கு வா. உக்காரு.

— எதுக்குங்க?

— கண்ணை மூடு. ஓரக்கண்ணால பாக்கக் கூடாது. நான் முதல்ல மோந்துக்கறேன்... ஆகா!