சரிபார்த்தவர் ஞானதாஸ்

செம்பருத்திப் பூவைக் காகிதத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் சிவப்பு வராது, ஊதாதான் வரும். பார்வைக்குச் சிவப்பாக இருக்கிற பல பொருள்கள் அடி வாங்கியதும் வேறு நிறம் சொல்லும். எனக்கு இது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. அமிர்தவல்லி அம்மா, நீங்கள் இன்ஸ்பெக்டர். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

என் பெயர் சம்பத். கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். குழாய், வால்வு, அதைத் தாங்குகிற இரும்பு, இவற்றைத்தான் வேலைக்காலம் முழுக்க வரைந்தேன். எங்கள் பிரிவில் யாருக்காவது தன் ஸ்கேல் கோணலோ என்று சந்தேகம் வந்தால், என் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். கோணலாக இருந்த ஸ்கேல்கள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தன.

எந்த வரைபடத்துக்கும் வலது கீழ் மூலையில் இரண்டு கட்டங்கள் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர். முதல் கட்டம் எனக்கு. இரண்டாவது ஞானதாஸுக்கு. அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். சிவப்புச் சுழி விழாமல் என் தாள் ஒன்றுகூட அவர் மேசையிலிருந்து திரும்பியதில்லை. அளவு சரியாக இருந்தால் எழுத்தின் உயரத்தைச் சுழிப்பார். எழுத்தும் சரியாக இருந்தால் அம்புக்குறியின் மூக்கு. அந்த மனிதரால் நான் எவ்வளவு நொந்துபோனேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். என் தரப்பு அதுதான்.

ஓய்வுக்குப் பிறகு மாமல்லபுரத்தில் ரெபேக்காள் நடத்திய வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் அவள் வீட்டு மாடியில் நடக்கும். ஆளுக்கு ஒரு கனமான நோட்டு. அதில் பஸ் டிக்கெட், பழைய துணி, கடல் மணல், எது வேண்டுமானாலும் ஒட்டலாம். மேலே வண்ணம் பூசலாம். அதன்மேல் அன்றைக்குத் தோன்றியதை எழுதலாம். முதல் நாளே அவள் சொன்னாள்: "சார், இந்த நோட்டுல தப்புன்னு ஒண்ணு கிடையாது."

அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் அழுததில் முதல் பக்கம் நனைந்து சுருங்கிவிட்டது. அதையும் அவள் நல்ல டெக்ஸ்சர் என்று பாராட்டினாள்.

எல்லாரும் ஒட்டினார்கள். நான் புதிதாக ஒரு பாணி கண்டுபிடித்தேன்: அடித்துப் பதிப்பது. பொருளை இரண்டு பக்கங்களுக்கு நடுவே வைத்து நோட்டை மூடி அடிக்க வேண்டும். ரெபேக்காள் வீட்டுக்கு அடுத்தது கேசவனின் சிற்பக் கூடம். கேசவன் சுத்தியல் தந்து உதவினான். முதலில் பூக்கள், வேப்பிலை. பிறகு இறால். நண்டு இரண்டாவது அடிக்குத்தான் ஒத்துக்கொண்டது. ஓணான் ஓர் அழகான சாம்பல். பக்கத்து வீட்டுச் சேவல் என் பக்கம் வந்தது அதன் தவறு. ஆனாலும் நான் தேடிய சிவப்பு கிடைக்கவில்லை, காய்ந்ததும் துரு நிறமாகிவிட்டது. ரெபேக்காளின் கிளி கூண்டைத் திறந்துகொண்டு பறந்துவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள். பச்சை மட்டும் மங்கவே இல்லை.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. கலையில் புதுமை செய்பவனுக்கு அது வழக்கம்தான்.

இதற்கு நடுவில் ஞானதாஸ் எப்படி வந்தார் என்று நேற்று கேட்டீர்கள். அவராக வரவில்லை. ஞாயிறுதோறும் நான்தான் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, செங்கல்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் பூசை முடிந்து வருவார். காப்பி குடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் பார்த்துச் சுழிப்பார்.

"இன்னாபா சம்பத்து, நண்டு சென்டர்லயே இல்ல. மார்ஜின் எங்க?"

"இது கலை சார். மார்ஜின் கிடையாது."

"ஏன், கலைன்னா பைண்டிங் பண்ண வேணாமா?"

நொந்துதான் போனேன். ரெபேக்காள் அந்தச் சிவப்புச் சுழிகளை அழித்துவிடச் சொல்லி ரப்பர் கொடுத்தாள். நான் அழிக்கவில்லை. பக்கம் தேய்ந்துவிடும் பாருங்கள்.

ஆயுத பூஜையன்று கேசவன் தன் சுத்தியல், உளி எல்லாவற்றையும் கழுவி, வாழை இலையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டிருந்தான். மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. என்னைப் பார்த்ததுமே, "இன்னிக்கு சுத்தி கித்தின்னு கேக்காத சார். அதுங்களுக்கும் லீவு," என்றான். கூடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனான்.

அங்கேதான் ஞானதாஸை வரச் சொல்லியிருந்தேன். கடைசியாகச் செய்த சேவல், கிளிப் பக்கங்களை அவர் பார்த்திருக்கவில்லை. பாதி செதுக்கிய நந்தியின் முதுகில் உட்கார்ந்து புரட்டினார். கடைசிவரை புரட்டினார். சட்டைப்பைக்குக் கை போகவே இல்லை.

"என்ன சார், ஒண்ணும் போடலியே?"

"இன்னாத்த போட்றது? டிராயிங்கா இருந்தா திருத்தலாம். ரத்தமும் ரெக்கையுமா கீது. எனக்கு வேணாம் நைனா. இனிமே கொணாராத."

"ஒரு தப்பாவது இருக்கும் சார். நல்லா பாருங்க."

"தப்பு நோட்டுல இல்லபா," என்றார். நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து செருப்பைத் தேடினார்.

இலையிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்தேன். முதல் அடி பிடரியில். அவர் நந்தியின் மேல் சாய்ந்து, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது நெற்றியில். அதோடு போதும்தான். நான் நிறுத்தவில்லை. பதிவு சீராக வர வேண்டுமானால் ஓரங்களையும் விடக்கூடாது. பிறகு அவர் இடது கையை நோட்டுக்குள் வைத்து விரல் விரலாக அடித்தேன். வலது கை தேவைப்பட்டது; அதை விட்டுவைத்தேன்.

முகத்தை வெள்ளைப் பக்கத்தில் அழுத்தி எடுத்தபோது, நான் இத்தனை மாதம் தேடிய சிவப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான். அதுவும் துருவாகத் தொடங்கியது. அப்போது பென்சில் நினைவு வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவர் விரல்களுக்குள் வைத்து, என் கையால் பிடித்துக்கொண்டு, வலது கீழ் மூலையில் கட்டம் போட்டுக் கையெழுத்தும் போடவைத்தேன். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. என் கையைவிட நிதானமாகவும் இருந்தது.

ஆளைக் கூடத்தின் பின்னால் இழுத்துப்போய்க் கல் சில்லுக் குவியலில் புதைத்தேன். நந்தியைக் கழுவினேன். சுத்தியலையும் கழுவி, துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமமும் இட்டு இலையில் பழைய இடத்திலேயே வைத்தேன். கேசவன் சாப்பிட்டு வந்தபோது நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் வேலை தொடங்க அந்தச் சுத்தியலைத்தான் அவன் எடுத்தானாம். மற்றவற்றில் குங்குமம் அவன் கட்டைவிரல் போன போக்கில் இழுத்திருந்தது. இதில் மட்டும் சரியாக நடுவில், துல்லியமான வட்டம். "இன்னாடா இது, காம்பஸ் வெச்சி போட்டாமாரி கீது," என்று சொல்லிக்கொண்டே சுற்றிலும் பார்த்திருக்கிறான். அப்புறம்தான் குவியல் மேடாகியிருந்தது கண்ணில் பட்டது. உங்களுக்கும் தகவல் வந்தது.

ஞானதாஸ் இருந்திருந்தால் அந்தப் பொட்டை முதல் பார்வையிலேயே சுழித்திருப்பார்.

ஆக, காரணம் நான் முன்பே சொன்னதுதான். அந்தச் சிவப்புப் பென்சிலிலிருந்து விடுபட நினைத்தேன், விடுபட்டுவிட்டேன். கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த இந்த வாக்குமூலத்தையும் படித்துப் பார்த்தேன். இடது மார்ஜின் போதாது. பரவாயில்லை, வரைந்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் சரிபார்த்தவருக்கு இன்னொரு கட்டமும் நானே போட்டு வைத்திருக்கிறேன். அது நிரம்புகிறவரை இதைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அம்மா. அவர் ஒரு தடவை பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.