குரலுக்கு முதலிடம்

அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும், பார்த்து உட்காருங்கள் பிள்ளைகளே. விசாரிக்க வந்தவர்கள் விழுந்து வைத்தால் அதற்கும் என்னைத்தான் கேட்பார்கள்.

படைமுகாமுக்குக் கணினி வலைப்பின்னல் தேர்ந்தெடுப்பது என் வேலை. எந்தக் கம்பி, எந்தப் பெட்டி, எது முந்தும், எது காத்திருக்கும் என்று நான் எழுதிக் கொடுத்தபடிதான் போடுவார்கள். குன்றின் மேல் இருந்த காவல் சாவடிக்கு ஒரே ஒரு மெல்லிய இணைப்பு, ஒருவர் பேசினாலே நிறைந்துவிடும். பேச்சும் அதில்தான், எழுத்தில் போகும் உத்தரவும் அதில்தான்.

நான் குரலுக்கு முதலிடம் கொடுத்தேன். கர்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, என் உத்தரவு வரிசையில நிக்கணுமா?"

"எழுத்து நின்னாலும் முழுசா வந்து சேரும் சார். பேச்சை நிறுத்தினா பொடிப்பொடியா உதிர்ந்துடும்."

"என் வீட்லயும் இதே சட்டம்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னதில் பொய்யில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கூடவே, அவசர உத்தரவு வந்தால் பேச்சைத் துண்டிக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நானும் சேர்த்திருந்தேன். சோதனை ஓட்டத்தில் அந்த வரி என் மகனைப் பாதிப் பேச்சில் வெட்டியது. அவனுக்கு அந்தச் சாவடியில்தான் வேலை. கர்னலிடம் போகுமுன் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அன்று மதியமும் பேசிக்கொண்டிருந்தோம். பேசும் கருவியும் உத்தரவு வரும் திரையும் பாறைக்கு அடியில் ஓர் அறையில் இருக்கும். சாவடியின் மற்ற பிள்ளைகள் மேலே காவலில்.

"அம்மா, சாக்ஸ் ஓட்டையாயிடுச்சு."

"எந்தக் கால்டா?"

"ரெண்டும்தான். ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு கத்துக்கிச்சு."

சிரித்துக்கொண்டே என் திரையைப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஓர் உத்தரவு காத்திருந்தது. எதிரி ஏறி வருகிறான், குன்றின் மேல் நாமே பீரங்கியால் சுடப்போகிறோம், எல்லோரும் பாறை அறைக்கு இறங்குங்கள். கர்னலின் பக்கம் அனுப்பியாயிற்று என்றுதான் காட்டும். வரிசையில் நிற்பது எனக்கு மட்டும் தெரியும்.

போனை வைடா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உத்தரவைப் படித்துவிட்டு மேலே ஓடி எல்லோரையும் கூப்பிட்டிருப்பான். அப்படி வளர்த்துவிட்டேன்.

"எந்தக் கலர்ல வேணும்?" என்று கேட்டேன். சாம்பல் நிறம் என்றான். பிறகுதான் சத்தம் கேட்டது.

மேலே இருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை. என் பிள்ளை நன்றாக இருக்கிறான். சாக்ஸ் அனுப்பினேன், பிரிக்காமலே திரும்பி வந்தது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. அந்த இணைப்பு அப்போதே மெல்லிசு. கொஞ்சம் தடித்ததாகக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் தப்பு.