புளி போட்ட ஒரு சென்ட்

நாணயத்தை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும் சார். முகத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். உங்கள் ஏட்டையா என் ஆல்பத்தை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கடலை பொறுக்குவதுபோல் பொறுக்குகிறார். போகட்டும், அரசாங்கக் கை. நீங்கள் கேட்பதையெல்லாம் சொல்கிறேன். அவரைக் கொஞ்சம் எட்ட நிற்கச் சொல்லுங்கள்.

பெயர் ஜெயபிரகாஷ். வயது அறுபத்திரண்டு. தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்காட்டில் புத்திசாலிகளெல்லாம் நிலம் வாங்கி ரிசார்ட் கட்டினார்கள். நான் டிரினிடாட் தீவின் ஒரு சென்ட் காசுகளைச் சேர்த்தேன். சட்டைப் பொத்தான் அளவு வெண்கலம், ஒரு பக்கம் தேன்சிட்டு மாதிரி ஒரு குருவி. அந்த ஊர்க்காரர்களே வேண்டாமென்று நிறுத்திவிட்ட காசு. வருஷத்துக்கு ஒன்றாக எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு வருஷம் மட்டும் பதினோரு ஆண்டுகளாகச் சிக்கவில்லை. ஆல்பத்தைத் திறந்தாலே அந்தக் காலிக் கட்டம் விழுந்த பல் மாதிரி இளிக்கும்.

வேலுசாமி ஒண்டிக்கடை முக்கில் லாட்ஜ் மேனேஜர், சேலத்து ஆள். தங்கமான மனுஷன், மறுப்பே கிடையாது. போன மாதம் அந்தத் தீவிலிருந்து ஒரு குடும்பம் அவர் லாட்ஜில் தங்கியது. எனக்காகக் கூச்சத்தை விட்டு அவர்களிடம் பழைய காசு கேட்டு வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்க ரைட்டரே, கண்ண மூடிக் கையை நீட்டுங்க" என்றார்.

நீட்டினேன். கண்ணைத் திறந்தால் அதே வருஷம். பூசை விளக்கு மாதிரி தகதகவென்று மின்னியது.

"கருத்துப்போயி பாக்கவே சகிக்கலீங்க. புளி போட்டு நல்லாத் தேச்சனுங்க!"

உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கருப்பு பல வருஷக் காற்றும் கையும் சேர்ந்து ஏற்றியது. அது போனால் காசே போன மாதிரிதான்.

"நொம்ப சந்தோசமுங்க" என்றேன். காபி கொடுத்தேன். கரடியூர் பாறைக்குப் போய் நினைவாக ஒரு போட்டோ எடுக்கலாம் என்றேன். பாவம், தலையெல்லாம் படிய வாரிக்கொண்டு வந்தார்.

மேகம் இறங்கியிருந்தது. ஆள் நடமாட்டமில்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னேன். போனார். இன்னும் ஒரு எட்டு என்றேன்.

"உழுந்தறப் போறனுங்க" என்று சிரித்தார்.

"நான் பாத்துக்கறனுங்க" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரல்கூடப் படவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காசை முன்கூட்டியே பத்திரமாக என் பையில் போட்டிருந்தேன். அவரோடு சேர்ந்து அதுவும் போய்விட்டால் யார் இறங்கித் தேடுவது? போட்டோ மோகத்தில் தவறி விழுந்தார் என்று நீங்களே எழுதி முடித்தீர்கள். நானும் மாலை வாங்கிப் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவர் மனைவி சாந்தி இலை போட்டுக்கொண்டே கேட்டார்.

"காசு பளிச்சுன்னு இருந்துச்சுங்களாண்ணா? நாந்தானுங்க தேச்சுக் குடுத்தேன். அந்த மனுசன் ஒரு டம்ளருகூடக் கழுவ மாட்டாருங்க."

ஒன்றும் அறியாத மனுஷன். பெண்டாட்டி செய்த வேலைக்குத் தான் பேர் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதானே. எந்த ஆம்பிளைதான் செய்யவில்லை? அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அவர் கடைசியாக நின்ற இடத்தைக் காட்டுகிறேன் என்று நேற்றுச் சாந்தியைக் கூட்டிப்போனது அதற்காகத்தான். அந்தம்மாவும் இரண்டு எட்டு பின்னால் வைத்துவிட்டார். அதற்குள் எவனோ ஒரு டூரிஸ்ட் வேன்காரன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துவிட்டான். உங்களுக்குப் போன் போட்டதும் அவன்தானே?

என்னைக் கோபக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். வேலுசாமி என் உயிர் நண்பர். அவருக்கு ஒரு நியாயம் கிடைக்காமல் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?